சாட்சி நின்ற இடம்

1

"இந்தப் பக்கம் வந்து உக்காந்து கேளும்மா. அந்தக் காதுல ஒண்ணும் ஏறாது."

"வெடிச்சப்ப உங்க பக்கத்துல யாருமே இல்லையா மாமா?"

"லாரி டிரைவர் ஒருத்தன் இருந்தான். அதுக்கப்புறம் அவனை நான் பாக்கவே இல்ல."

இந்தக் கதை பிறந்தது இங்கேதான், மறைக்கப்போவதில்லை. மாமா பட்டாளத்தில் வெடிமருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். இடது காது செத்துவிட்டது, வெடிச்சத்தத்தால் அப்படி ஆகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் வெடித்தது என்பதற்கே ஆதாரம் இல்லை. கிடங்குப் பதிவேட்டில் அந்த ஒரு தேதியின் பக்கம் மட்டும் காணவில்லை. நேரில் பார்த்தவரின் வாக்குமூலம் வேண்டும், இதுவே கடைசி வாய்ப்பு என்று ஓய்வூதிய அலுவலகம் கடிதம் போட்டிருந்தது.

(மாமா சொன்னது: "உங்க அத்தை பேச்சுக்கு ஒரு காது போதும். ஆனா நான் பொய் சொல்றேன்ங்கற மாதிரி எழுதியிருக்கான் பாரு." அதற்காகத்தான் இவ்வளவும்.)

2

கடிதம் வந்த உறையின் பின்பக்கத்தில் அந்த டிரைவரை எழுதிப் பார்த்தேன். அனுப்புவதற்காக இல்லை, ஆள் எப்படியிருப்பான் என்று தெரிந்துகொள்ள.

அன்று காலை மழை பெய்து

(வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது.)

நான் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினேன். கிடங்கு வாசலில் இவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வெடித்தபோது நான்

இங்கே பேனா நின்றுவிட்டது. டிரைவர் கிடங்குக்கு உள்ளே இருந்தானா, வெளியேயா? வெளியே என்றால் இத்தனை வருடமாக ஏன் வரவில்லை? உள்ளே என்றால் அன்றே செத்திருப்பான், சாட்சியே இல்லை. அவனுக்கு ஒரு பழக்கத்தை மட்டும் கொடுத்தேன்: பேசும்போது சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே போவான். இரண்டாவது பொத்தான் கிடையாது. விரல் அந்த இடத்தில் சற்று நிற்கும்.

உறையைக் கிழித்துப் போட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

3

இன்று மத்தியானம் ஓய்வூதிய அலுவலகத்துக் குமாஸ்தா அம்மாள் போன் செய்தார்.

"உங்க மாமாவோட சாட்சி வந்திருக்காரும்மா. காலையிலருந்து உக்காந்திருக்காரு."

"எந்தச் சாட்சி?"

"லாரி ஓட்டினவராம். லாரியைப் பின்னால எடுத்து நிறுத்தினாராம், உங்க மாமா பெட்டி எண்ணிக்கிட்டிருந்தாராம். நல்லாத்தான் சொல்லிக்கிட்டு வர்றாரு. 'வெடிச்சப்ப நான்'னதும் நின்னுடறாரு. நாலு தடவை ஆச்சு."

"ஆள் எப்படி?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமாகூட வேலை பாத்தேங்கறாரு. இருபத்தஞ்சு வயசுக்கு மேல மதிக்க முடியல. சட்டையில ஒரு பொத்தான் வேற இல்ல. ஊசி நூல் எடுத்துக் குடுத்தேன், 'இது இப்படித்தான் இருக்கணும்'னுட்டாரு."

4

முடிவு ஒன்று: வெளியே. கோப்பில் முத்திரை விழும். மாமா பொய்யர் இல்லை.

முடிவு இரண்டு: உள்ளே. அதுவே உண்மையாக இருக்கலாம். அப்படி எழுதினால் அந்த அம்மாளுக்கு எதிரே நாற்காலி

(இதை முடிக்க என்னால் ஆகாது. உங்களால் ஆகுமென்றால் பேனா இதோ.)

மறுமுனையில் போன் கைமாறியது. அங்கே யாரோ மூச்சு விட்டார்கள். எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. செத்த காதை என் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்த மாமா சட்டென்று நிமிர்ந்தார்.

"அவன்தான்" என்றார்.

"எழுதினது நீங்கதானேம்மா?" என்றது அந்தக் குரல், மரியாதையாக. "நான் உள்ள இருந்தேனா, வெளியவா? கொஞ்சம் சொல்லிடுங்க. அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டிடுவாங்களாம்."