சணப்புக்கு நாற்பத்தைந்து நாள்

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்க மாட்டேன். அன்றைக்கு எதிரில் இருந்தவர் நிலத்தின் சொந்தக்காரர்.

முள்ளிப்பட்டு ஊரை ஒட்டிய அந்த இரண்டு ஏக்கர், ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் சந்திரமோகன் அண்ணனுடையது. நான்கு வருடமாகக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டேன். எழுத்து ஒன்றும் கிடையாது. வருடா வருடம் "போட்டுக்கோ ஜெசி" என்பார், அவ்வளவுதான். முதல் வருடம் கதிர் ஒரு சாண் நீளம், நுனி வரை மணி. நான்காம் வருடம் நுனியில் நாலு விரல் அளவுக்கு மணியே இல்லை. யூரியாவை அள்ளி அள்ளிக் கொட்டியதில் மண் சிமென்ட் தரை மாதிரி ஆனதுதான் மிச்சம்.

அதனால் இந்த வைகாசியில் நிலம் முழுக்கச் சணப்பு விதைத்தேன். நாற்பத்தைந்து நாள் வளர்த்து, பூக்கிற சமயத்தில் அப்படியே மடக்கி உழுதால் மண்ணுக்கு அதுவே உரம். விசைத்தறி ஓட்டும் என் வீட்டுக்காரர் சார்லி தலையில் அடித்துக்கொண்டார்.

"நாளைக்கே வேற ஆளுக்குக் குடுத்துட்டாருன்னா இன்னா பண்ணுவ? நீ தேத்தின மண்ணுல வேறவன் அறுத்துகினு போவான்."

அது எனக்குத் தெரியாதா? பயம் இருக்கத்தான் செய்தது. ஒரு தடவை சணப்பு போட்டால் மண் கொஞ்சம் தேறும். முழுசாகத் தேற வருடக்கணக்கில் போட வேண்டும். அதற்கு நிலம் என் கையில் இருக்க வேண்டும். அஞ்சு வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்க ஆசைதான். விளைச்சலைக் காட்டாமல் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஆடி பிறந்தது. டிராக்டர் ஓட்டும் கிரணிடம் உழவுக்குச் சொல்லி வைத்தேன், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. முந்தின நாள் சந்திரமோகன் அண்ணன் தன் மகள் ஹேமலதாவோடு காரில் வந்து இறங்கினார். நெஞ்சளவு பயிர், கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள் பூ. கடையின் ஆன்லைன் விற்பனையைப் பார்க்கிறவள் ஹேமலதா. எடுத்த செல்போனை அவள் கீழே இறக்கவே இல்லை.

"ஜெசி, இதை ஒரு பத்து நாள் அப்படியே உடு," என்றார் அவர். "மெட்ராஸ்லருந்து மாடல் பொண்ணு வருது. தீபாவளிப் பொடவைங்களுக்கு இங்கதான் போட்டோ."

"நாளைக்கு மடக்கி ஓட்டப்போறேண்ணா."

"இன்னாது? இவ்ளோ அழகா பூத்துகினு கீது, இதைப் போயி ஓட்டுறேன்ற!"

"அழகுக்கா வளர்த்தேன்? பத்து நாள் உட்டா தண்டு நாராப் பூடும். டிராக்டர் கத்தியில சுத்திக்கும், சீக்கிரத்துல மக்காது. சோளம் போடுற பருவம் தப்பிடும்."

அவர் முகம் மாறியது. "நிலம் யாருதுன்னு ஞாபகம் வச்சிகினு பேசு."

வந்ததே எனக்குக் கோபம்! ஒரு செடியை வேரோடு பிடுங்கி அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். வேர் முழுக்கக் கடுகளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு, சத்து ஏறியிருப்பதற்கு அதுதான் அடையாளம்.

"நிலம் உங்களுதுதான். உங்க நிலத்துக்குத்தான் இந்தச் சத்து. இதுக்குத்தான் நாப்பத்தஞ்சு நாள் தண்ணி கட்டிகினு கெடந்தேன். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. எத்தினி போட்டோ வேணா எடுத்துக்குங்க. பத்தடிச்சா டிராக்டர் இறங்கும்."

"மாடலுக்கு எங்க போறது?"

"பக்கத்துல லட்சணமா ஒரு பொண்ணு நிக்குதே, கண்ணுக்குத் தெரியலியா?"

ஹேமலதா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "சோளம் அறுத்ததும் பேசிக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். இந்த வாய்தான் ஒரு நாள் என் சோற்றில் மண்ணைப் போடப் போகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் டிராக்டரை நிறுத்தவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு ஹேமலதா ஐந்து புடவைகளோடு வந்தாள். பத்து மணிக்குக் கிரண் வண்டியை இறக்கினான். பூவெல்லாம் மண்ணுக்குள் போகப் போக அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

இரண்டு வாரம் மக்கவிட்டு, நல்ல ஈரத்தில் சோளம் ஊன்றினேன். யூரியா பாதிதான் போட்டேன். பயிர் கரும்பச்சையாக எழுந்து நின்றது. போன வருடம் முப்பது மூட்டை கண்ட நிலத்தில் கார்த்திகையில் முப்பத்தொன்பது மூட்டை கட்டினேன். சார்லி ஒவ்வொரு மூட்டையையும் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அந்த வாரமே கிரண் ஒரு சேதி கொண்டுவந்தான். பக்கத்து நிலத்துச் சுப்பராயலு, குத்தகையைக் கூட்டித் தருவதாகச் சந்திரமோகன் அண்ணனிடம் கேட்டிருக்கிறாராம். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"சுப்பராயலு குத்தகை கூட்டித் தர்றேன்னாராமே?"

"ஆமா, வந்து கேட்டாரு."

"தருவாருண்ணா. ரெண்டு வருசம் சோளமா எடுத்துட்டு, மண்ணு செத்ததும் போயிகினே இருப்பாரு. நான் எடுக்கிறதுக்கு முன்னாடி போடுறவ. அஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற நிலம் பார்க்கிறேன்."

குரல் நடுங்காமல் சொல்லி முடித்தேன்.

அவர் விரித்திருந்த புடவையை நிதானமாக மடித்தார். "வருசா வருசம் சணப்பு போட்டு ஓட்டுவீங்களான்னு அவரைக் கேட்டேன். அடுத்தவன் நிலத்துக்கு நான் எதுக்குங்க செய்யணும்னாரு." மடித்த புடவையை ஓரமாக வைத்தார். "இந்த மண்ணு முழுசா தேற எத்தினி வருசம் ஆவும் ஜெசி?"

பொய் சொல்ல வரவில்லை. "நம்ம மண்ணுக்கு ஏழெட்டு வருசம் ஆவும்ண்ணா."

"அப்புறம் இன்னாத்துக்கு அஞ்சு கேக்குற? அரைகுறையா உட்டுட்டுப் போறதுக்கா?" எனக்காக முன்னமே வாங்கி வைத்திருந்த பத்திரத்தாளோடு உட்கார்ந்திருந்த மகளிடம் திரும்பினார். "எட்டுன்னு எழுதும்மா."

வாயாடி என்று ஊரெல்லாம் பேர் எடுத்தவள் நான். அன்றைக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹேமலதா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.