இரண்டாவது சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவ மற்ற மூன்று பேரும் கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில், மாரிசெல்வி சீட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவசரமாக அடுக்கினாள். லேசான கேள்வி ஒன்று, கடினமான கேள்வி ஒன்று, பிறகு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு. மறுபடி லேசானது, கடினமானது, ஏதோ இரண்டு. ஆட்டத்தில் முதலில் சீட்டு எடுப்பது சின்னவள் சத்யப்பிரியா. அடுத்தது பெரியவள் யுவராணி. அதற்குப் பிறகு அவர்களுடைய அப்பா தனுஷ்கோடி, கடைசியாக அவள். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பதினோரு வருடமாகப் பாக்கிங் பிரிவில் நிற்கிற விரல்களுக்கு நாற்பது சீட்டு ஒரு வேலையே இல்லை. குழாயை அடைக்கும் சத்தம் கேட்பதற்குள் சீட்டுக்கட்டை விளையாட்டுப் பலகையின் நடுவில் வைத்துவிட்டு, கீழே சிந்திய பருக்கையைப் பொறுக்குகிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

அந்த விளையாட்டை வாங்கியது ஸ்ரீவில்லிபுத்தூரில். சத்யப்பிரியாவுக்கு டெங்கு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதில் நான்கு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. பிழைத்து வந்தவள் வேறு பிள்ளையாக வந்தாள். மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. போன பிறகும் வாயைத் திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பாளாம். மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா, "மருந்து வேண்டாம். வீட்டுல எல்லாரும் சேந்து உக்காந்து எதாவது விளையாடுங்க. நாலு தடவை ஜெயிச்சா பயம் தன்னால போயிரும்" என்றார். வெளியே வந்ததும் எதிரே இருந்த ஸ்டேஷனரி கடையில் தனுஷ்கோடி இதைக் காட்டினான். பலகை முழுக்க இந்திய வரைபடம். கன்னியாகுமரியில் கிளம்பிக் காஷ்மீர் போய்ச் சேர வேண்டும். பகடையை உருட்டி நகர்ந்து, ஒரு சீட்டை எடுத்துச் சத்தமாக வாசித்துப் பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மூன்று கட்டம் முன்னே, தப்பாகச் சொன்னால் ஐந்து கட்டம் பின்னே. 'எட்டு வயது முதல்' என்று மூடியில் போட்டிருந்தது. உள்ளே ஐந்நூறு சீட்டு, ஒரு ஆட்டத்துக்கு நாற்பது எடுத்து வைத்தால் போதும்.

முதல் இரண்டு வாரமும் யுவராணிதான் ஜெயித்தாள். அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த அவளுக்கு அந்தக் கேள்விகள் கடலை கொறிக்கிற மாதிரி. இரண்டாவது வாரம் அவள் காய் காஷ்மீரைத் தொட்டபோது சத்யப்பிரியா அழவில்லை. தன் காயை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் படுத்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்த அன்றுதான் மாரிசெல்வி சீட்டுகளைப் பிரித்து வாசித்தாள். கடினமானவற்றின் மூலையில் நகத்தால் ஒரு கீறல் போட்டாள். அடுத்த ஞாயிறு சின்னவள் ஜெயித்தாள். தெருவெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு மாதத்தில் வகுப்பில் கை தூக்கினாளாம். அவளுடைய டீச்சர் நோட்டில் நட்சத்திரம் போட்டு அனுப்பியிருந்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பழைய முதுகு திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வாரம் ஒன்று என்று எட்டு மாதம் போய்விட்டது.

யுவராணியின் காய் மதுரைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. ஏறுவாள், இறங்குவாள். "நம்ம பெரியவ மதுரையிலயே வாடகைக்கு வீடு பிடிச்சிட்டா போல" என்று தனுஷ்கோடி சொல்வான். சத்யப்பிரியா கை தட்டிச் சிரிப்பாள். மாரிசெல்வியும் சிரித்திருக்கிறாள். தான் சிரிக்காமல் இருந்தால் ஏதாவது தெரிந்துவிடும் என்பது போலச் சிரித்தாள். முதலில் யுவராணியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு, சீட்டை முழுதாக வாசிப்பதற்கு முன்பே "தெரியல" என்று கீழே வைக்க ஆரம்பித்தாள். அதற்கும் பிறகு, "நீங்க மூணு பேரும் விளையாடுங்க, நான் பாத்திரத்தக் கழுவுதேன்" என்று எழுந்து போனாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மாரிசெல்வி கம்பெனியில் பக்கத்து மேசை வெங்கடேஸ்வரியிடம் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நினைக்க வைத்தவர் ஞானபாக்கியம் டீச்சர். யுவராணிக்குக் கணக்கு எடுப்பவர். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து நிறுத்தினார்.

"யுவராணி அம்மாதான நீங்க? இப்படி ரோட்டுல வச்சுக் கேக்கக் கூடாது. மனசு கேக்கல. அந்தப் புள்ளைய பரீட்சை எழுத வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?"

"எந்தப் பரீட்சை டீச்சர்?"

"உதவித்தொகைப் பரீட்சைதான். எட்டாப்பு படிக்கும்போது மட்டுந்தான் எழுத முடியும். கண்டிப்பா பாஸாகும்னு நான் நெனச்சிருந்தது ரெண்டே புள்ளைங்க. அதுல இவ ஒருத்தி. விண்ணப்பப் பாரம் குடுத்து விட்டேன். மறுநாளே வெறும் பாரமாத் திருப்பித் தந்துட்டா. வீட்டுல வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னா. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு இந்தக் காலத்துலயும் நெனைக்கீங்களேன்னு எனக்கு வருத்தமாப் போச்சு."

"இப்பக் கொண்டாந்து குடுத்தா வாங்கிக்கிடுவாங்களா டீச்சர்?"

"போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சும்மா."

நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்று வாய்வரை வந்தது. ஆனால், "தப்புத்தான் டீச்சர்" என்றாள் மாரிசெல்வி. கத்திரிக்காயை எடை போட்டவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் பையை நீட்டினாள்.

யுவராணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. மாரிசெல்வி வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறினாள். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் படியேறி வந்திருந்தாள்.

"ஏட்டி, டீச்சர் குடுத்த பாரத்த எங்கிட்ட ஏன் காட்டல?"

யுவராணியின் கை கொடியிலேயே நின்றது. "காட்டினா நீ எழுதச் சொல்லுவ."

"எழுதுனா என்ன?"

"எனக்கு வராதும்மா."

"யாரு சொன்னா வராதுன்னு?"

"யாரு சொல்லணும்?" அவள் கிளிப்பை மாட்டினாள். குரலில் கோபமோ அழுகையோ இல்லை, வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "நாலாப்பு படிக்கவ சொல்லுத பதில் எனக்குத் தெரியல. வீட்டுல நாலு பேரு முன்னாடி தோத்துப் பழகிருச்சு. ஸ்கூல்லயும் போயித் தோத்துட்டு வரணுமா? டீச்சருக்கு என்னப் பத்தித் தெரியாதும்மா. வகுப்புல நடத்துனத நான் மனப்பாடம் பண்ணிருவேன், அம்புட்டுத்தான்."

மாரிசெல்வியின் கையில் இருந்த துண்டு பிழியப்படாமல் சொட்டியது. இப்போதே சொல்லிவிட வேண்டும். கீழே சத்யப்பிரியா அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இந்திய நதிகளின் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மாரிசெல்வி துண்டைக் கொடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தனுஷ்கோடியிடம் சீட்டு அடுக்குகிற விஷயத்தைச் சொன்னாள். அவன் நூல் மில்லில் ஃபிட்டர். எந்திரத்தில் எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான் என்று பெயர். டீயை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"எம்புட்டு நாளா?"

"டாக்டரம்மா சொன்னாவள்ல, அப்பயிருந்து."

"எட்டு மாசமா?"

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் கொஞ்சம் குறையும் என்றுகூட நினைத்தாள். அவன் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே, "வாரா வாரம் வாடகை வீடு வாடகை வீடுன்னு சொன்னவன் நானுல்ல" என்றான். செருப்பைப் போட்டவன் வாசலில் நின்றான். "சின்னவ காதுல விழுந்திராம. ஜெயிச்சதெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சா அவ பழையபடி ஆயிருவா."

அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் அவளுக்குக் கணக்குத் தப்பியது. பத்துக்கு ஒன்பது சுருள் வைத்துப் பெட்டியை மூடினாள். பெரியவளிடம் சொன்னால் அவள் கோபத்தில் சின்னவளிடம் கொட்டிவிடலாம். சொல்லாவிட்டால், தனக்கு மூளை இல்லை என்று நம்பிக்கொண்டே இந்தப் பிள்ளை வளரும். ஒருத்தியை எழுப்பி உட்கார வைக்க இன்னொருத்தியை மிதித்திருக்கிறோம், அதுவும் வாராவாரம், கை நடுங்காமல், என்று தோன்றும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சர்க்கரை டெஸ்ட் பண்ணிப் பாரு" என்றாள் வெங்கடேஸ்வரி.

புரட்டாசி சனிக்கிழமை யுவராணியை மட்டும் கூட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை பெருமாள் கோயிலுக்குப் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கோயில் பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறிப் போக வேண்டும். மலைப்படி முழுக்கக் கூட்டம். மொட்டை போட்ட குழந்தைகள், நாமம் போட்ட பெரியவர்கள், கோவிந்தா என்கிற சத்தம். பாதிப் படியில் மாரிசெல்விக்கு மூச்சு வாங்கியது. ஓரத்துச் சுவரில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யுவராணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"யுவா, அந்த விளையாட்டுல கார்ட நாந்தான் மாத்தி அடுக்குனேன். லேசானது அவளுக்கு, கஷ்டமானது உனக்கு. ஒவ்வொரு வாரமும்."

கூட்டம் அவர்களை உரசிக்கொண்டு ஏறியது. யுவராணி புரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு புரிந்தது. அது அவள் முகத்தில் மெல்லப் பரவுவதை மாரிசெல்வி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரயில் கணக்கு?"

"அதுவும்."

"தேர்தல் கேள்வி, கிரகணக் கேள்வி?"

"எல்லாந்தான். அந்தக் கேள்விக்கெல்லாம் எனக்கே பதில் தெரியாது."

"நான் 'தெரியல'ன்னு சொல்லும்போதெல்லாம் நீ என்னையப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

மாரிசெல்வி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதைவிடப் பெரிய கேள்வி எதுவும் இருக்க முடியாது என்று தோன்றியது. ஆனால் இருந்தது.

"பிரியாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிராத." யுவராணி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "என்கிட்ட ஏம்மா சொல்லல? கண்ணாடிக் கதவுக்கு வெளிய உங்கூட நானுந்தான நின்னேன்? சொல்லிருந்தா நானே தோத்திருப்பேன்லா."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அழுகையை மறைக்க எழுந்து, கூட்டத்துக்குள் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள். மாரிசெல்வி பின்னால் ஏறினாள். சன்னதியில் தீபம் காட்டியபோது என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள். பக்கத்தில் யுவராணி கண்ணை மூடாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு இன்னொரு முறை வராது. ஞானபாக்கியம் டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லலாம், வேறு பரீட்சைகள் இருக்கின்றனவா என்று கேட்கலாம். திங்கட்கிழமை போக வேண்டும். அதற்குள், தன்னால் முடியும் என்று இந்தப் பிள்ளை மறுபடி நம்பிவிடுமா என்பது யாரிடம் போய்க் கேட்க வேண்டிய விஷயம் என்று தெரியவில்லை.

இறங்கி வரும்போது, "பொரிகடல வாங்கட்டுமா?" என்றாள் மாரிசெல்வி.

"வேண்டாம்."

"கால் வலிக்கா?"

"இல்ல."

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் யுவராணி உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் மலைப்பக்கமிருந்து மழை பிடித்தது. எல்லா ஜன்னல்களும் படபடவென்று மூடின. அவர்களுடையது மட்டும் துருப்பிடித்து இறங்கவில்லை. மாரிசெல்வி எக்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. சாரல் நேராக யுவராணியின் முகத்தில் அடித்தது.

"இங்கிட்டு மாறி உக்காரு, அம்மா அங்க வாரேன்."

"இருக்கட்டும்."

மாரிசெல்வி முந்தானையை விரித்து, மகளின் தோள் வழியாக ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தாள். யுவராணி அதைத் தட்டிவிடவில்லை, இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் இல்லை. வெளியே நனைகிற தென்னந்தோப்புகளைப் பார்த்தபடியே இருந்தாள். நனைந்த சேலை கனத்தது. கை வலித்தது. அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்று மறுபடி கிளம்பியபோதும் மாரிசெல்வி அந்தக் கையை இறக்கவில்லை.