ஜாமீனில் வந்த மாப்பிள்ளை

யோகேஸ்வரி பாதி லட்டை விழுங்கிய பிறகுதான் பக்தவச்சலம் வாயைத் திறந்தார். அந்த மனுஷன் செய்த அக்கிரமங்களில் அதுதான் முதலாவது.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே அவளுடைய வக்கீல் ஆபீஸ். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியிலேயே விட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவு பெரிய அறை. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் நசுங்கி வந்தவளுக்குக் காலை நாஸ்தா கிடையாது. மேசைமேல் லட்டு. தேங்காய் சைஸ், சத்தியமாகத் தேங்காய் சைஸ். யார் வீட்டுக் கிரகப்பிரவேசமோ என்று கடித்துவிட்டாள்.

"இனிப்பு எடுத்துக்கினீங்களா மேடம்? நம்ம மோகனுக்கு நிச்சயம்!"

மோகன் அவளுடைய கட்சிக்காரன். மாமல்லபுரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவன். அங்கே ரிசப்ஷனில் வேலை பார்த்த பூங்கொடியை ஸ்டோர் ரூமில் மடக்கி அத்துமீறினான் என்று வழக்கு. பக்தவச்சலம் அவனுடைய தாய்மாமன். எந்தச் சண்டைக்கும் சமாதானம் பேசப் போய், அதை நாலு சண்டையாக்கிவிட்டு வருகிற ஆள்.

"பொண்ணு யாரு?"

"இன்னா மேடம், தெரியாத மாரி கேக்கறீங்க? பூங்கொடிதான்!"

லட்டு தொண்டையிலேயே நின்றது.

எவனாக இருந்தாலும் அவனுக்கென்று பேச ஒரு வக்கீல் வேண்டும் என்பது யோகேஸ்வரியின் கொள்கை. இந்த வழக்கை எடுத்தபோது பெற்ற அம்மாவே பேச்சை நிறுத்தினாள், அப்போதும் விடவில்லை. போன மாதம் மகளிர் கோர்ட்டில் எழுந்து நின்று, "அந்தப் பெண் இருக்கும் திசைக்கே இவர் போகமாட்டார், அதற்கு நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் ஜாமீன் வாங்கினாள். அந்தக் கோர்ட்டில் அவள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அவளிடம் இருந்த சொத்தே அதுதான்.

"அவ வீட்டுக்கா போனீங்க?"

"சும்மாவா போவோம்? நல்ல நேரம் பாத்து, சதுரங்கப்பட்டினத்துக்கு மேளத்தோட போனோம்!"

இரண்டு மினி லாரி நிறைய வரிசைத் தட்டு. பழம், பூ, பட்டுப்புடவை, மூன்று தாலுகாவுக்குப் போதுமான லட்டு. நாயனச் சத்தத்தில் மீனெல்லாம் மிரண்டு இலங்கைப் பக்கம் ஓடியிருக்கும். முன்சீட்டில் கூலிங் கிளாஸோடு மாப்பிள்ளை. இத்தனையையும் படம்பிடிக்க ஒரு வீடியோக்காரன் வேறு.

"கண்ணாலம் ஆயிட்டா கேஸு ஏது மேடம்? உங்களுக்கும் பேஜாரு வுட்டுது."

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தட்டெல்லாம் வாங்கி உள்ள வெச்சுக்கினா. சிரிக்கல, ஆனா வேணாம்னும் சொல்லலியே. அப்போ சம்மதம்தான?"

யோகேஸ்வரி இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். முதல் நாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து மோகன் சொன்னது: 'அவ வேணாம்னு சொல்லல மேடம்.' மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே காது. தொண்டையில் நின்ற லட்டை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். அவள் வாய் கொப்பளித்த கொப்பளிப்பில் கொளவாய் ஏரி ஒரு விரற்கடை இறங்கியிருக்கும்.

பூங்கொடி ஏன் தட்டுகளை வாங்கி வைத்தாள் என்பது மத்தியானம் கோர்ட்டில் தெரிந்தது. ஒரு பழம் குறையாமல், ஒரு பூ உதிராமல், அத்தனையையும் போலீஸோடு கொண்டுவந்து இறக்கிவிட்டாள். செங்கல்பட்டு ஈக்கள் மொத்தமும் சம்மன் இல்லாமலே ஆஜர். அரசு வக்கீல் ஏசுபாதம் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு கொடுத்தார். ஆதாரம்? பக்தவச்சலம் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் தானே போட்டிருந்த வீடியோ. நாயனத்தோடு ஓடியது.

பின்னாலிருந்து மாமன் முதுகைச் சுரண்டினார். "அவங்கதான் கூப்டாங்கன்னு சொல்லுங்க மேடம். அவ அப்டிப்பட்ட பொண்ணுன்னு ரெண்டு வார்த்த சேத்துப் போடுங்க."

பல்லி ஊர்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

நீதிபதியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே, யோகேஸ்வரி?"

பூங்கொடியும் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"சொன்னேம்மா. அதை நம்பித்தான் ஜாமீன் கொடுத்தீங்க. இந்த மனுவுக்கு ஆட்சேபணை சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல."

வாய்தாவுக்கு வந்து நின்ற மோகனின் கூலிங் கிளாஸ் கீழே விழுந்தது. ஜாமீன் ரத்தாகி, போலீஸ்காரர் தோளில் கை வைத்ததும் அவன் கத்தினான். "நீங்க எனக்கு வக்கீலா, அவளுக்கா?"

"உனக்குத்தான்யா. கேஸை ஒழுங்கா நடத்துவேன். அந்தப் பொண்ணு மேல சேறு வாரணும்னா வேற ஆளைப் பாத்துக்கோ."

வராந்தாவில் பக்தவச்சலம் மூச்சிரைக்க ஓடிவந்தார். திட்டப் போகிறார், இல்லை அழப் போகிறார் என்று அவள் நின்றாள்.

"மேடம், அந்தப் பட்டுப்புடவைய மட்டும் கேட்டு வாங்கிக் குடுத்துடுங்க. வேற எடத்துல பொண்ணு பாக்கறப்ப ஆவும்."

"அது சாட்சிப் பொருள் ஆயிடுச்சு, பெரியவரே."

அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்போ லட்டு?"

யோகேஸ்வரி மறுபடியும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினாள்.