பால் குடிக்கிறாள்

குச்சவெளிக் கிளினிக்கில் மருத்துவமாது மாகிரட் மாதாமாதம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்களா? ஸல்ஹாவும் மாதாமாதம் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஓம் மிஸி, மூண்டு நேரமும்."

அட்டையில் "பால் குடிக்கிறாள்" என்று எழுதி மாகிரட் கையெழுத்து வைத்தாள். நாலு மாதம், நாலு கையெழுத்து. எழுதுவதற்கு என்ன, கை வலிக்கவா போகிறது!

எழுபத்து நாலாம் ஆண்டு அது. கூட்டுறவுச் சங்கக் கடையில் பால்மாவைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. காய்ச்சலோடு ஸல்ஹாவின் முலைப்பால் வற்றிப்போனதும் மாகிரட்டுக்குத் தெரியும். அப்படியானால் இந்தப் பஞ்சத்தில் மூன்று நேரப் பால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பது பிள்ளைகள் ஒன்றாய்க் கத்தினால் யாருக்குத்தான் மூளை வேலை செய்யும் என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அது எடுபடவில்லை.

மார்கழியில் பதினொரு மாதக் குழந்தை றஹ்மா தராசில் ஒன்றரை றாத்தல் கூடியிருந்தாள். "சதை வைக்கிறாள்" என்று மாகிரட் மெச்சினாள். ஸல்ஹாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடல் கொந்தளித்து, புருஷன் அன்ஸாரின் தோணி கரையேறி ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மீன் வாசமே இல்லை. அந்த நேரத்தில் பிள்ளை கொழுத்தால் தாய்க்குப் பெருமை வராதா?

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போன மாகிரட், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஸல்ஹாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். குழந்தை பாயில் கிடந்தது. அழவுமில்லை, ஆளைப் பார்க்கவுமில்லை. தலைமயிர் செம்பட்டையாகி உதிர்ந்திருந்தது. கொழுகொழுவென்றிருந்த காலை மாகிரட் பெருவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. சதையில்லை, நீர். பாழாய்ப்போன தராசு நீரைத்தான் நிறுத்துக் காட்டியிருக்கிறது.

என்ன பால் கொடுக்கிறாய் என்று பதறிக் கேட்டாள். ஸல்ஹா குசினியிலிருந்து கோப்பையை எடுத்துவந்து காட்டினாள். அப்போதுதான் பிழிந்த தேங்காய்ப்பால்.

"முதல் பால் மிஸி. எங்கட கறிக்கு ரெண்டாம் பால்தான். கட்டிப் பால் முழுக்கப் புள்ளைக்கு."

மாகிரட் படித்ததை எல்லாம் சொன்னாள். மாட்டுப்பாலில் உடம்பைக் கட்டுகிற புரதம் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் கொழுப்புத்தான், புரதம் பேருக்குத்தான். சோயா அவரைப் பாலென்றாலும் ஓரளவு ஈடுகொடுத்திருக்கும். சோயாவைப் பற்றி அவளுடைய அலுமாரியில் ஒரு கட்டு நோட்டீஸ் கிடந்தது. நோட்டீஸ் வந்ததே தவிர சோயா வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸல்ஹா மெல்லச் சொன்னாள்: "வெள்ளையாத்தானே மிஸி இரிக்கி."

அடுத்த பஸ்ஸிலேயே திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் அட்டையைப் புரட்டி, நாலு கையெழுத்தையும் பார்த்தார். அட்டையை மூடி மாகிரட்டிடமே நீட்டினார். ஏசியிருந்தால் மாகிரட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் காலை பிள்ளை மவுத்தாகிவிட்டது.

அன்ஸார் மகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பினான். ஸல்ஹா பக்கத்தில் இருந்த மாகிரட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காக ஓடித் திரிஞ்சீங்க மிஸி. அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்" என்றாள். பாவி, நாலு வசவு வைதிருக்கக் கூடாதா! அந்தக் கையை உதறவும் ஏலாமல், பிடிக்கவும் ஏலாமல் மாகிரட் குச்சவெளி வரும்வரை இருந்தாள்.

அடுத்த கிளினிக்கில் அவள் கேள்வியை மாற்றினாள். எந்தப் பால் என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டாள். முலைப்பால் வற்றிய பதினொரு பேரில் ஒன்பது பேர் தேங்காய்ப்பால் என்றார்கள். ஒன்பதாவதாகச் சொன்ன பரீதாவுக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"வேற எந்தப் பால் மிஸி கிடைக்கிது?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.

மாகிரட் அட்டையில் பேனையை வைத்தபடி இருந்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்களும் அந்தப் பதிலைக் கேட்க முன்னுக்கு வந்தார்கள்.