முதல் சிலிண்டர்

கார் எனக்கும் என் மனைவிக்கும் சொந்தம். பாடி எனக்கு, எஞ்சின் அவளுக்கு. வாங்கிய அன்றே பிரித்துக்கொண்டோம். ஒருவர் பக்கத்தை மற்றவர் தொடுவதானால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். ஒருமுறை அவளுடைய கார்புரேட்டரைக் கேட்காமல் துடைத்துவைத்தேன். சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். என் மாமனாரின் கல்யாணத்துக்கு முந்தையது. நாங்கள் பார்த்தபோது யாரோ ஒருவருடைய கொட்டகையில் கோழிகள் அதில் குடியிருந்தன. நான் தரைத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்தேன். கதவுகளில் ஒடுக்கு எடுத்தேன், பட்டி பார்த்தேன், தேய்த்தேன், அடர்நீலம் அடித்தேன். அவள் எஞ்சினைக் கடைசித் திருகுவரை பிரித்து, சிலிண்டர்களைக் கடைசலுக்கு அனுப்பி, புது ரிங் போட்டு, மறுபடி கோத்து மூடினாள். பம்ப் கம்பெனியில் டிசைன் இஞ்சினியர். வீட்டில் மிக்ஸி கெட்டுப்போனால் மட்டும் தொடமாட்டாள். "அதையெல்லாம் தொட்டா எனக்கு என்ன மரியாதை?" என்பாள்.

எஞ்சினை மூடிய மறுவாரம் அலுவலகத்தில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. அவளுக்கு முப்பது ஆகவில்லை.

அதற்குப் பிறகு நான் பாடி வேலையை முடித்தேன். வயரிங்கை முடித்தேன். சீட்டுக்குத் தோல் தைத்தேன். எல்லாம் நன்றாகவே வந்தது. எனக்கு வேறெதுவும் பிடிபடவில்லை, இது பிடிபட்டது.

எஞ்சின் கராஜ் மூலையில் ஸ்டாண்டின் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவள் கோத்தது கோத்தபடியே ஓட வேண்டும். மாதம் ஒருமுறை நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மூடி எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டிவைப்பேன். சும்மா கிடக்கும் எஞ்சினில் முதலில் துருப்பிடிப்பது சிலிண்டர்தான். கேட்காமல் அவள் பக்கத்தில் நான் செய்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை.

மாமாவும் அத்தையும் மாடியில் இருக்கிறார்கள். மகள் போன பிறகு இங்கேயே வந்துவிட்டார்கள். மாமா அச்சகம் நடத்தியவர். அத்தை தையல் கடை வைத்திருந்தவர். மச்சினி பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள். இந்த ஞாயிறு எஞ்சினை ஏற்றப்போகிறேன் என்று வாரத் தொடக்கத்திலேயே மூவருக்கும் சொல்லியிருந்தேன்.

காலையிலேயே செயின் பிளாக்கை விட்டத்தில் மாட்டி எஞ்சினைத் தூக்கினேன். மாமா சங்கிலியைப் பிடித்து இறக்கினார். மச்சினி காருக்கு முன்னால் நின்று கைகாட்டினாள்.

"இடது பக்கம் அத்தான். இன்னும் கொஞ்சம். அப்பா, நீங்க நிறுத்துங்க."

"நான் எங்கடி இறக்கினேன்? அதுவா இறங்குது."

"அதுவா இறங்கறதுக்கு அது என்ன லிஃப்டா?"

அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "புது பெயின்ட்டுல கீறல் விழுந்தா மாப்பிள்ள உங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டார்" என்றார்.

கீறல் விழவில்லை. கியர்பாக்ஸின் தண்டில் எஞ்சின் ஒரே தள்ளில் உட்கார்ந்தது. போல்ட்டுகளை இறுக்கினேன். மதியத்துக்குள் குழாய்கள், வயர்கள், ரேடியேட்டர் எல்லாம் ஆயிற்று. மிச்சம் இருந்தது டைமிங் மட்டும், பிளக் எந்த நொடியில் பொறி விட வேண்டும் என்று பொருத்துவது. அதற்கு எஞ்சினைக் கையால் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவர வேண்டும். கிராங்க்கின் முன்பக்க நட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன்.

சுலபமாகச் சுற்றியது. பிறகு நின்றது.

கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் நின்றது. உடம்பு பாரத்தையெல்லாம் போட்டேன். அசையவில்லை.

"என்ன மாப்பிள்ள?"

"நிக்குது மாமா."

அவர் குனிந்து பார்த்தார். அவரும் ஸ்பேனரை இழுத்தார். முகம் சிவந்தது. விட்டுவிட்டார்.

"துரு இல்ல" என்றார் உடனே. "அது மட்டும் நிச்சயம்."

"துருவெல்லாம் இருக்காது" என்றார் அத்தை நாற்காலியிலிருந்தே.

"சான்ஸே இல்ல" என்றாள் மச்சினி.

துரு இல்லை என்று நான்தான் அவர்களை நம்பவைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். என்னைவிட அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

"துரு இல்லன்னா..." என்று ஆரம்பித்த மாமா, மீதியை விழுங்கிவிட்டார்.

"இல்லன்னா? அக்கா தப்பா மாட்டிட்டா. அதானே சொல்ல வர்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்?"

"மூஞ்சி சொல்லுதே."

"சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றார் அத்தை. குரல் மாறியிருந்தது.

மாமா கைதுடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மேலிருக்கும் ஹெட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தெரிந்துவிடும். தப்பு இருந்தால், அவளைப் பெற்றவர்கள் கண் முன்னால் அது அவளுடைய தப்பாக இருக்கும். திருத்திச் சொல்ல அவள் வரமாட்டாள். தப்பு இல்லையென்றால், அவள் மூடியதைக் காரணமே இல்லாமல் நான் பிரித்துப்போட்டவன் ஆவேன்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் மாமா. "பேட்டரியைக் கொடுத்து, ஸ்டார்ட்டர்ல ஒரு அடி அடிச்சுப் பாப்போம். பிரஸ்ல மெஷின் பிடிச்சுக்கிட்டா அப்படித்தான். ஒரு உதறு உதறிட்டு ஓடிடும்."

"வேண்டாம் மாமா."

"ஒரே ஒரு அடி."

"கையால சுத்தாததை மோட்டாரால சுத்தக்கூடாது. உள்ள என்ன இருக்கோ அது உடையும்."

"அப்ப ஹெட்டைத்தான் கழட்டணும்."

"அதுவும் வேண்டாம்."

"பின்ன? படையல் போட்டுக் கும்பிடலாமா?"

நான் ஸ்பேனரை மறுபடி இழுத்தேன், மெதுவாக, காதை எஞ்சினிடம் வைத்து. இரும்பு இரும்பில் இடித்தால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும், கையில் அதிரும். இங்கே சத்தமே இல்லை. நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கனக்கிறது, பிறகு நிற்கிறது. தப்பாக மாட்டிய எந்தப் பொருளும் இவ்வளவு மரியாதையாக நிற்காது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மூடி முடித்த அன்று அவள் இதே நட்டைச் சுற்றிக் காட்டினாள். சுற்று மேல் சுற்றாக, சுண்டுவிரலால் சுற்றுவதுபோல. "பாத்துக்கோ. வெண்ணெய்" என்றாள். அவள் மூடிய எஞ்சின் சுற்றியது. இப்போது சுற்றவில்லை. ஆகவே பிரச்சினை மூடிய பிறகு வந்தது.

"அவ சரியாத்தான் போட்டிருக்கா" என்றேன். "பிறகு ஏதோ உள்ள போயிருக்கு. பிளக்கைக் கழட்டிப் பாக்கறேன்."

நிம்மதியாவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

"பிளக்கு எதுக்கு?" என்றார் மாமா. "அது நல்லாத்தானே இருக்கு?"

"நான் போய் டீ போடறேன்" என்று அத்தை எழுந்தார்.

"இப்ப யாரும்மா டீ கேட்டா?" என்றாள் மச்சினி. ஆனால் அவளும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

முதல் பிளக்கில் கருவியைப் போட்டேன். நான் எப்போதும் அளவாக இறுக்கிவைப்பேன். இது கையாலேயே வந்தது.

"உன் கண்ணாடி இருக்கா?"

மச்சினி தன் பையிலிருந்து வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் பேனா டார்ச்சையும் எடுத்துவந்தாள். பிளக் துவாரத்தின் மேல் குனிந்தாள். வேலை என்று வந்தால் அவள் முகம் அக்காவின் முகமாகிவிடும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"என்ன தெரியுது?"

"ஈரம். நிறைய. கொப்பளிக்கச் சொன்னா துப்பாம உக்காந்திருக்கிற பேஷன்ட் மாதிரி இருக்கு."

"தள்ளிக்கோ."

அவள் தள்ளிக்கொண்டாள். மாமாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். ஸ்பேனரை இழுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. துவாரத்திலிருந்து எண்ணெய் ஒரு தடிமனான கம்பியாக எழும்பி, விட்டத்தைத் தொட்டு, மாமாவின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து வயிறுவரை இறங்கியது.

சிலிண்டர் நிறைய எண்ணெய். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வர இடமில்லை. அவ்வளவுதான். ஸ்டார்ட்டரில் அந்த ஒரு அடி அடித்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்திருக்கும்.

ஆனால் ஒரு மூடி எண்ணெய் இவ்வளவு ஆகாது.

"மாதம் ஒரு மூடிதான் நான் விட்டேன்" என்றேன், எனக்கே சொல்வதுபோல.

"நீங்களுமா?" என்றாள் மச்சினி.

அந்த 'உம்' கராஜில் தொங்கியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் சட்டையைப் பார்த்தார்.

"சிரிஞ்சுல தான் அத்தான். எங்க டிரில்லுக்குப் போடற எண்ணெய். ஞாயித்துக்கிழமை வரப்பல்லாம், நீங்க குளிக்கப் போனதும். எண்ணெய் இல்லாம மெஷினை வெச்சா செத்துடும்னு அக்கா சொல்லுவாளே."

"எத்தனை சிரிஞ்சு?"

"எண்ணல."

"மாமா?"

மாமா மூக்கு நுனியிலிருந்த சொட்டைத் துடைத்தார். "பிரஸ்ல மிச்சமிருந்த கிரேடு எண்ணெய்ப்பா அது. நல்ல கெட்டி. வீணாப்போகுதேன்னு... வியாழக்கிழமை கொஞ்சம் தாராளமா விட்டேன். ஏத்தப்போறோமேன்னு."

"தாராளமான்னா?"

"ஒரு டம்ளர்."

"எல்லாம் முன்னாடி இருக்கிற ஓட்டையிலயா?"

"எனக்குக் கை எட்டினது அதுதான்."

"எனக்கும்" என்றாள் மச்சினி.

அத்தை டீ போடப் போகவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மூவரும் திரும்பியதும், "என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார். பிறகு, "தையல் மெஷின் எண்ணெய்தான். நல்ல எண்ணெய். துணியில பட்டாக்கூடக் கறை பிடிக்காது" என்றார்.

"அது போன வருஷமே தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே?" என்றார் மாமா.

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "தீர்ந்துதான் போச்சு."

"பின்ன?"

"சமையல் எண்ணெய்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மச்சினி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமா எண்ணெய் வழிய நின்று, "கடுகு தாளிச்சியா, அதையாவது சொல்லிடு" என்றார். அத்தை, "டம்ளர்ல ஊத்தினவருக்குப் பேச்சைப் பாரு" என்றார். எனக்கும் வாய் கோணியது. நெடுநாள் உபயோகிக்காத தசை, வலித்தது.

மற்ற பிளக்குகளையும் கழற்றினேன். அவற்றில் நான் விட்டது மட்டும்தான் இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு முதல் சிலிண்டரை அலசினேன். சுற்றினேன், அலசினேன், துப்ப வைத்தேன். அடியில் இருந்த எண்ணெயையும் வடித்துப் புதிது ஊற்றினேன். மச்சினி கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். சிலிண்டர் சுவரில் கடைசல் போட்ட கோடுகள்கூட அழியவில்லை. துரு ஒரு புள்ளி இல்லை.

பிறகு மாமாவிடம் ஸ்பேனரைக் கொடுத்தேன். அவர் ஒரு கையால் சுற்றினார். சுற்று மேல் சுற்றாக வந்தது. "என் பொண்ணு போட்டது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் மேலும் ஒருமுறை சொன்னார்.

டைமிங்கை வைத்தேன். பெட்ரோல் வந்தது. சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

புகை என்றால் அப்படியொரு புகை. நீலமாக, கனமாக, கராஜை நிறைத்துத் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். கூடவே பொரிக்கிற வாசனை. மச்சினி அத்தையைப் பார்த்தாள். "உங்க பங்கு வருதும்மா." புகை மெலியும்வரை நாலு பேரும் வெளியே நின்று கேட்டோம். நாலு சிலிண்டரும் ஒரே சீராக அடித்தன. பிசகு எங்கும் இல்லை.

மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருந்தது. புதிதாகக் கோத்த எஞ்சின் முதல்முறை ஓடி ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அதற்கு மேல்மூடியைக் கழற்ற வேண்டும். இரவே அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

"திறக்கறதில்லன்னு சொன்னீங்க?" என்றாள் மச்சினி. கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அவ இருந்தா அவளே திறந்திருப்பா. இது அவ வேலையில பாக்கி."

மூடியைக் கழற்றினேன். நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, வரிசை மாறாமல் இறுக்கிக்கொண்டு போனேன். இறுக்கத்தை அளந்து காட்டும் அவளுடைய டார்க் ரெஞ்ச், என் கை. மாமா விளக்கைப் பிடித்தார். ஒவ்வொரு போல்ட்டும் கொஞ்சம், ஒரு மயிரிழை, திரும்பி நின்றது. மூலையில் ஒன்று மட்டும் அதிகமாகத் திரும்பியது. அவளாக இருந்தால் அந்த ஒன்றுக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பாள். இறுக்கினேன். மூடியைப் போட்டேன்.

சாவியை மச்சினியிடம் நீட்டினேன். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள் அக்காதான்.

"நானா? நீங்க ஓட்டலையா அத்தான்?"

"ஓட்டினா ரோட்டைப் பாக்கணும். எனக்கு எஞ்சினைக் கேக்கணும்."

"தப்பு கண்டுபிடிச்சுக்கிட்டே வரக்கூடாது."

"வரமாட்டேன்."

அத்தை கேட்டைத் திறந்தார். மாமா, தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லாத நேரத்தில், நடுரோட்டில் நின்று இரண்டு பக்கமும் கைகாட்டினார். முதல் திருப்பத்திலேயே மச்சினி கியரைத் தப்பாகப் போட்டாள். வண்டி ஒரு குதி குதித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.