வைப்பாளர் நேரில் வரவேண்டும்

ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் சுடவைத்தேன். முகம் மழித்தேன். மாமிக்கு இன்சுலின் ஏற்றினேன். மாமி ஒரு ரொட்டி தின்றார். நான் தின்னவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஜெனிதாவின் அடையாள அட்டையைப் பையில் வைத்தேன்.

ஜெனிதா என் மனைவி. டீச்சர். அவள் இறந்து முப்பத்தோராம் நாள் பூசை இன்னும் வரவில்லை.

அவள் அம்மா, மார்கிரட் மாமி, தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமலாபப் பணம் ஜெனிதாவின் பெயரில் வங்கியில் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். ஓய்வு பெறுகிறவர்கள் கைநாட்டுக்காரர்கள்; பணத்தைப் படித்த பிள்ளையின் பெயரில் போடுவார்கள். ஆஸ்பத்திரியில் இன்சுலின் தட்டுப்பாடு. அந்த வட்டியில்தான் கடையில் வாங்குகிறோம். நான் பட்டதாரி. வேலை இல்லை.

வைப்பு முதிர்ந்துவிட்டது, புதுப்பிக்க வாருங்கள் என்று வங்கியிலிருந்து ஜெனிதாவின் போனுக்கு அழைத்தார்கள். வருமானம் வரி எல்லைக்குக் கீழே என்று புது வரி ஆண்டுக்கும் எழுதிக் கொடுத்தால் வட்டியில் வரியாக நூற்றுக்குப் பத்து வீதம் வெட்டமாட்டார்களாம். இரண்டுக்கும் அவள் கையெழுத்து வேண்டும். இறந்துவிட்டாள் என்றால் பணம் முடங்கும். பிறகு வழக்கறிஞர், நீதிமன்றம். அதுவரை மாமிக்கு ஊசி?

ஹட்டன் பஸ்ஸில் மாமி காதோடு சொன்னார்.

"அவ கையெழுத்த நீங்களே போட்டுக் குடுங்க மாப்புள்ள. காலையில பேரு பதியிற பெரட்டுல செத்தவனுக்கும் பேரு போட்டு சம்பளம் எடுத்த கண்டாக்கு ஐயா ஒருத்தரு நம்ம தோட்டத்துல இருந்தாரு. அவரு நல்லாத்தான் இருக்காரு, நுவரெலியால மாடி வீடு."

"மாட்டினா?"

"மாட்டினா நான் உள்ள போறேன். அங்க ஊசி சும்மா போடுவாங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வங்கிக் கவுண்டரில் தனுஜா என்ற பெண் இருந்தார். நிரப்ப வேண்டிய பத்திரத்தை நீட்டினார்.

"மேடம் வரலிங்களா?"

"சுகமில்ல."

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இந்த வருசம் வரப்போற வருமானத்த மட்டும் இப்ப சொல்லுங்க சேர், நான் நிரப்பித் தர்றேன். சம்பளம், வட்டி எல்லாம் சேத்து."

வரப்போற வருமானம். வாய் திறந்தேன். தொகை வரவில்லை. மாமி என் முழங்கையைக் கிள்ளினார்.

"சேர்?"

"செத்துட்டா," என்றேன்.

அவர் பத்திரத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணினியில் எதையோ தட்டினார். மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்.

"கெடுத்துட்டீங்களே மாப்புள்ள," என்றார் மாமி.

"இது யாரு காசு?" தனுஜா கேட்டார்.

"எங்காசு பிள்ள."

"உங்க பேர்லயே போட்டிருக்கலாமே அம்மா. உங்களுக்கு வேற வருமானம் இல்லாட்டி வரியும் வெட்டியிருக்க மாட்டோம்."

"எனக்குக் கையெழுத்துத் தெரியாதே."

"கைநாட்டு போதும் அம்மா."

மாமி தன் பெருவிரலைப் பார்த்தார். கொழுந்துக் கறை இன்னும் போகாத விரல். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். ஊசி மருந்து ஒரு குப்பியில் பாதிதான் மீதி. இருவருக்கும் தெரியும்.

"ஜெனிதா சாகையில அம்மான்னு கூப்பிட்டாள்னு சொன்னீங்களே, நெசமா?"

"இல்ல மாமி."

"பின்ன என்னதான் சொன்னா?"

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெனிதா சட்டென்று கண் திறந்தாள். என் கையைப் பிடித்து எழப் பார்த்தாள். முடியவில்லை. அவள் சொன்னதை அப்படியே மாமியிடம் சொன்னேன்.

"பேங்குக்கு நான்தானே போகணும். தூக்கி உக்கார வைங்க."