தலைகீழாகப் பூட்டிய காற்றுத் திருப்புளி

1

இந்தக் கதை ஒரு குவளைத் தண்ணீரில் தொடங்கியது. தண்ணீர் என் தங்கையின் முதலாளியின் சட்டை மேல் இருந்தது. அதை அங்கே அனுப்பி வைத்தவன் நான்.

நேராக அனுப்பவில்லை. குவளையை நான் தொடக்கூட இல்லை. நான் தொட்டது ஒரு காற்றுத் திருப்புளியை. ஸ்க்ரூ முடுக்கும் கருவிதான். மின்சாரத்துக்குப் பதிலாக, கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றில் சுற்றும். அதன் பாகங்களை மேசையில் பரப்பிவைத்து "பூட்டுங்க" என்றார்கள். பூட்டினேன். கருவியை வாங்க வந்திருந்த வெளிக் கம்பெனிக்காரர் அதை ஆசையாக எடுத்து, பலகையில் பாதி முடுக்கி வைத்திருந்த ஸ்க்ரூவின் தலையில் பொருத்தி, விசையை அழுத்தினார். உள்ளே போக வேண்டிய ஸ்க்ரூ வெளியே வந்தது. ஒரு பக்கம் இழுக்கும் என்று நினைத்து அவர் இறுக்கிப் பிடித்திருந்த கையைக் கருவி மறுபக்கம் இழுத்தது. முழங்கை குவளையில் பட்டது. மீதி சட்டை.

இதை எழுத உட்கார்ந்ததும் நான் எழுதிய முதல் வரி இதுவல்ல. முதல் வரி: "காற்றுக்கு முகம் கிடையாது; ஆனால்"

[அந்த "ஆனால்" வரைக்கும் போனதே அதிகம். விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: "அந்தத் தொழிற்கூடத்தின் உலோக மௌனத்தினூடே"

[அங்கே மௌனம் என்ற சாமானே கிடையாது. சாப்பாட்டு நேரத்தில்கூட எங்காவது ஒரு குழாய் உஸ்ஸென்று கசிந்துகொண்டிருக்கும்.]

மூன்றாவது: "அவன் சிலிண்டரைக் கையில் எடுத்தான்." இதில் இலக்கணப் பிழை இல்லை, நாணயப் பிழைதான். "அவன்" என்று எழுதினால் பழி கொஞ்சம் தள்ளிப் போய் யாரோ ஒருவன் தலையில் விழும் என்று எனக்கு ஒரு நப்பாசை. என் தங்கை படித்தால் சிரிப்பாள். ஆகவே, வேறு வழியில்லாமல், நான்.

2

தங்கையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள்தான் அந்தக் கருவியை வடிவமைத்தவள். காற்றில் ஓடும் கைக்கருவிகள்தான் அவள் வேலை. ஆனால் இதுவரை அவள் வரைந்ததெல்லாம் உதிரிபாகங்கள். பழைய கருவியில் எது தேய்ந்ததோ அதற்கு மாற்று. ஒரு கருவியை அடியிலிருந்து நுனிவரை அவளே வரைந்தது இதுதான் முதல் தடவை.

அந்தப் பழைய கருவியைப் பூட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பூட்ட, இன்னொருவர் பறந்துபோன வளையத்தை மேசைக்கடியில் தேட. பூட்டி முடித்து, முறுக்குவிசை போதவில்லை என்று தெரிந்தால் மறுபடி அக்கக்காகக் கழற்ற வேண்டும். தங்கை வரைந்ததில் பறக்கிற சாமான் எதுவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு மரை வளையம், அதையும் கையாலேயே திருகலாம். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை; அதில் அளவுமானியைச் செருகினால், கழற்றாமலே உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அன்றைக்கு அது தேறிவிட்டால் உற்பத்திக்குப் போகும். தேறாவிட்டால் அவள் பழையபடி உதிரிபாகத்துக்குப் போவாள். இவ்வளவுதான் விஷயம். அவளுக்கு இது சின்ன விஷயமில்லை.

முந்தின நாள் நடந்தது:

"அண்ணா, நாளைக்கு லீவு போடு."

"எதுக்கு?"

"ஒரு டூலைப் பூட்டணும். வாங்க வர்றவங்ககிட்ட முதலாளி, 'இதை யார் வேணும்னாலும் பூட்டலாம்'னு சொல்லிட்டார். அந்த யார் வேணும்னாலும் நீதான்."

"நான் அச்சகத்துல பிழை திருத்தறவன்மா. ஒத்தெழுத்து விட்டுப்போனா கண்டுபிடிப்பேன். ஸ்க்ரூவுக்கும் எனக்கும் என்ன?"

"அதனாலதான்."

"ஒண்ணுமே தெரியாதவன்னு சொல்லிடாதே. ஹால் ஃபேன் ரெகுலேட்டரை நான்தானே மாத்தினேன்."

"ஆமா. ஃபேன் போட்டா பாத்ரூம்ல லைட் எரியுது."*

* இப்போதும் எரிகிறது. பழகிவிட்டது.

3

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அழகுபடுத்தும் வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். (அப்புறம் நேரம் கிடைக்கவில்லை.)

மேசையில் கைப்பிடி, சுழலி

[திருத்தம்: ரோட்டார். "சுழலி" என்று எழுதியதற்குத் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அங்க யாராவது 'சுழலியை எடு'ன்னா எல்லாரும் திரும்பி அவரைத்தான் பார்ப்பாங்க."]

கைப்பிடி, ரோட்டார், ரோட்டாரின் பள்ளங்களில் செருகும் மெல்லிய பிளேடுகள், ரோட்டாரைச் சுற்றி உட்காரும் சிலிண்டர், முன்னும் பின்னும் மூடும் தகடுகள், மரை வளையம். சிலிண்டர் என்றதும் சமையலறை ஞாபகம் வந்தால் அதை அழித்துவிடுங்கள். இது கட்டைவிரல் நீளமுள்ள ஓர் உலோகக் குழல். சுவரில் காற்று நுழைய ஓட்டைகள் உண்டு. இந்த முனை முன்னால் வந்தால் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றும். அந்த முனை முன்னால் வந்தால் எதிர்ப்பக்கம். பார்வைக்கு இரண்டு முனையும் இரட்டைப் பிள்ளைகள். இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது, அது பளபளவென்று இருந்தது என்பதுதான்.

எதிரே முதலாளி, வாங்க வந்தவர், தங்கை. என் தோளுக்குப் பின்னால் மூத்த ஃபிட்டர். அவரை எல்லோரும் கம்ப்ரஸர் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை உஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டுத்தான் மூன்றாவது சொல்லுக்குப் போவார்.

சிலிண்டரை எடுத்தேன். கைக்கு வந்த வாக்கில் உள்ளே விட்டேன். வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. "தம்பி, அதை..." என்று கம்ப்ரஸர் எட்டிப் பார்த்து, மூச்சு வாங்க நிறுத்தினார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க" என்றாள் தங்கை.

அவர் தள்ளி நின்றார். நான் தகடு வைத்தேன், வளையத்தைத் திருகினேன். தங்கை சுவரோரம் போய்க் காற்றுக் குழாயின் திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு வந்து, குழாயை மாட்டினாள்.

"பாத்தீங்களா சார்?" என்றார் முதலாளி. "இவர் யாருன்னே எனக்குத் தெரியாது. இவரே பூட்டிட்டார்."

தங்கை கருவியை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் வாங்க வந்தவர் எடுத்துவிட்டார். பிறகு ஸ்க்ரூ, முழங்கை, குவளை.

"நல்லாத்தான் சுத்துது" என்றார் அவர், மணிக்கட்டைத் தடவியபடி. "எதிர்ப்பக்கமாச் சுத்துது. எங்க ஆளுங்க இப்படிப் பூட்டிட்டா என்ன பண்றது?"

முதலாளி சட்டையைப் பிழிந்தார். "இது யாரும்மா?"

"எங்க அண்ணன் சார்."

"உங்க அண்ணனா" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, வாங்க வந்தவர் போய்விட்டார்.

4

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "நான் உன் டூலைக் கெடுத்துட்டேனா?"

"சாப்பிட்டியா நீ?"

"தலைகீழாப் போட்டது நான்தானே?"

"இறங்கற இடம் வந்துடுச்சு பாரு."

வரவில்லை. இன்னும் பாதி வழி இருந்தது.

வீட்டில் மறுபடி கேட்டேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்னோடதா, டூலோடதா? அதை மட்டும் சொல்லு."

"இந்தத் துண்டு உன்னோடதா, என்னோடதா?"

என் தங்கையிடம் கேள்வி கேட்பது கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது மாதிரி. ஆனால் இந்தக் கிணற்றில் கல் திரும்பி வந்து நம் தலையிலேயே விழும்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் சொல்லாததைக் கதையில் அவளைச் சொல்லவைத்துவிடலாம் என்று எண்ணம். கதையில் நான்தானே முதலாளி.

5

கதையில் நான் முதலாளி இல்லை என்பது மூன்றாம் பகுதியை எழுதும்போது தெரிந்தது.

தங்கை என்கிற பாத்திரம் ஒத்துழைக்க மறுக்கிறது. ஆசை ஆசையாக வரைந்த கருவி தேற வேண்டும் என்று துடிக்கிற ஒருத்தியாகத்தான் அவளை எழுதத் தொடங்கினேன். கண் கலங்குவதற்கு ஓர் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் அப்படிப்பட்டவள், ஃபிட்டர் வாயைத் திறக்கும்போது அவரைத் தள்ளி நிற்கச் சொல்வாளா? "தம்பி, அதைத் திருப்பிப் போடுங்க" என்று சொல்லத்தான் அவர் மூச்சு வாங்கினார். இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார். சட்டை தப்பியிருக்கும்.

சரி, வெளிச்சம் மறைத்தது, அதனால் சொன்னாள் என்று வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தை வர்ணிக்கலாம் என்று போனேன். "அவருடைய பெரிய உடம்பின் நிழல் மேசை மேல்"

[இந்த வாக்கியம் முடியாது. ஜன்னல் எனக்கு எதிரே இருந்தது. அவர் எனக்குப் பின்னால் நின்றார். அவர் நிழல் சுவர் மேல்தான் விழும். மேசைக்கு வராது.]

பிறகு அந்தக் காற்றுக் குழாயின் திருகு. அதை ஏன் திருப்பினாள்? எந்தப் பக்கம் திருப்பினாள்? பிழை திருத்துகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஒரு பிழை கண்ணில் பட்டால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்று தேடுவான். கருவியை எடுக்கக் கை நீட்டினாளே, அது வாங்க வந்தவரிடம் எடுத்துக்கொடுக்கவா? அவளே அழுத்திப் பார்க்கவா?

இதை அவளிடம் கேட்பதற்கு முன்னால், உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

6

முடிவு எழுத எனக்கு வரவில்லை. இரண்டு முயற்சிகளை இங்கே வைக்கிறேன்.

ஒன்று: முதலாளி, "அது அந்தப் பொண்ணோட அண்ணன் பண்ணின கோளாறு, டூல்ல குறையே இல்ல" என்று வாங்க வந்தவரைச் சமாதானப்படுத்திவிடுகிறார். கருவி அப்படியே விற்பனைக்குப் போகிறது. நான் முட்டாள், தங்கைக்குப் பதவி உயர்வு, எல்லோருக்கும் சந்தோஷம். இதை எழுதி முடித்ததும், நான் பார்க்காத ஏதோ ஊரில், நான் பார்க்காத யாரோ ஒருவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

இரண்டு: முதலாளி கருவியையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார். தங்கை உதிரிபாகம் வரையப் போகிறாள். இதைப் பாதி எழுதும்போதே அவள் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். நான் தாளைக் கையால் மூடிக்கொண்டேன், பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாத மாதிரி.

நிஜத்தில் முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். சட்டை காய்ந்துவிட்டது, கோபமும் பாதி காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், உடனே விற்கக்கூடிய நல்ல கருவி. மறுபக்கம், தலைகீழாகப் போட முடியாதபடி சிலிண்டரின் வார்ப்பு அச்சை மாற்றினால் ஆகப்போகிற தாமதம், கைநழுவிப் போகக்கூடிய வாடிக்கையாளர். என்ன சொல்வீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்.

7

சமையலறை மேசையில் உட்கார்ந்து இதுவரை எழுதியதை முழுக்கப் படித்தாள். கையில் பென்சில். "சுழலி"யை அடித்தாள். ஃபேன் ரெகுலேட்டர் வந்த இடத்தில் சிரித்தாள். ஐந்தாம் பகுதியில் சிரிப்பு நின்றது.

"ஜன்னல் எந்தப் பக்கம்னெல்லாம் பாத்துவச்சிருக்கே" என்றாள்.

"எழுதும்போதுதான் பாத்தேன்."

பென்சிலைக் கீழே வைத்தாள். "முதலாளிகிட்ட மூணு தடவை சொன்னேண்ணா. சிலிண்டர் ரெண்டு பக்கமும் உள்ள போகுது சார், ஒரு முனையில மட்டும் சின்னதா ஒரு பல்லு வச்சுடலாம், தப்பாத் திருப்பினா உள்ளயே போகாதுன்னு. 'நம்ம ஆளுங்க யாரும்மா தப்பாப் போடப் போறாங்க'ன்னார். அதுவும் நெஜம்தான். கம்ப்ரஸர் அண்ணனைப் பூட்டச் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டே சரியாப் போட்டார். யார்கிட்டக் கொடுத்தாலும் சரியாப் போடறாங்க. பழகின கை."

"நீயே தப்பாப் போட்டுக் காட்டியிருக்கலாமே."

"'வேணும்னே போட்டே'ன்னுவார்."

"வாங்க வந்த ஆள் கை திரும்பிச்சே, அது?"

"நான்தான் அழுத்திக் காட்டறதா இருந்தேன். அவர் பிடுங்கிக்கிட்டார். நல்லவேளை, காத்தைப் பாதியாக் குறைச்சு வச்சிருந்தேன். அன்னிக்கே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். வலியெல்லாம் இல்லம்மான்னார்." பென்சிலை மறுபடி எடுத்தாள். "அந்த ஒரு இடம் மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறல."

"முதலாளி வேண்டாம்னுட்டா உன் டூலே போயிடுமே. அது தெரிஞ்சுமா?"

"வித்துட்டா, எங்க யார் கை திரும்பிச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாதே."

கேட்க எனக்கு நிறைய இருந்தது. ஆனால் மனுஷன் புத்தி, தன் பங்குக்குத்தான் முதலில் போகும்.

"சரி, ஒண்ணே ஒண்ணு. பேச்சை மாத்தாமச் சொல்லு. நான் தப்பாத்தான் போடுவேன்னு உனக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியுமா?"

என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமாண்ணா. அங்க இருக்கறவங்க எல்லாம் என் மேல இருக்கற பிரியத்துல சரியாப் போட்டுடுவாங்க. நீ கைக்கு வந்தபடி போடுவே. உன்னை நம்பித்தான் நான் முந்தின ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்."